பன்னிரண்டாவது சீட்டு

உடை மாற்றும் அறையின் நீண்ட பெஞ்சில் பழைய காலணிப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்டோபர் கடைசிச் செவ்வாய், மாலை ஏழேகால். ஒவ்வொருவராக வந்து மடித்த சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். சீட்டில் ஐந்து எண்கள் இருக்கும். உயரம், எடை, வயது, பூட்ஸ் அளவு, கடைசியாகப் பனிமலையில் எப்படிச் சறுக்குவார் என்பதற்கு ஒன்று முதல் மூன்று வரை ஓர் எண். ஒன்று என்றால் பயந்து பயந்து போகிறவர், மூன்று என்றால் பயமே இல்லாதவர். ஹின்ரிச் தன் சீட்டை எட்டாக மடித்திருந்தார். அவர் ஒவ்வொரு வருஷமும் மூன்று என்று எழுதுவார். நான் ஒவ்வொரு வருஷமும் அதை இரண்டாக்கி அனுப்புவேன். அது அவருக்குத் தெரியாது.

கடலோரச் சமவெளியில் இருக்கும் எங்கள் லேர் நகரத்தில் மேடு என்றால் அணைக்கரைதான். அதன்மேல் ஆடுகள் மேயும். குழந்தைகள் பனி விழும் அபூர்வமான நாட்களில் அதிலிருந்து சறுக்குவார்கள், பதினைந்து எண்ணுவதற்குள் கீழே வந்துவிடலாம். இருந்தாலும் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒவ்வொரு செவ்வாயும் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர் தொடையை உறுதியாக்கிக்கொண்டிருப்போம். மார்ச் இரண்டாம் வாரம் டிரோல் மலைப்பகுதியில் இன்னர்லேன் என்ற கிராமத்துக்குச் சறுக்கப் போவோம், பூர்கி அம்மாள் வீட்டுக்கு. மரப் பால்கனி வைத்த அந்த வீட்டில் அந்த வாரம் பத்தொன்பது வருஷமாக லேர் மாலை வகுப்புக்குச் சொந்தம். நான் சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகிறது. பகலில் அதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் ஃபோல்கர்ட்தான் வகுப்பை நடத்துகிறார். கூடத்துக்குள் வந்துவிட்டால் எல்லோரும் நீ, வா, போதான், வயது பார்க்கக் கூடாது என்பது அவர் முதல் நாளே போட்ட விதி.

பட்டியல் வேலை என்னிடம் வந்தது வேடிக்கையாகத்தான். நான் துறைமுகத்தில் தானிய லாரிகளுக்கான எடைமேடையில் வேலை பார்க்கிறேன். அதைச் சொன்னதும் ஃபோல்கர்ட் பெட்டியை என் மடியில் வைத்து, "இனிமே எங்க எடையெல்லாம் உன் பொறுப்பு, டோம்கெ" என்றார். சறுக்குப் பலகையில் பூட்ஸைக் கவ்விக்கொள்ளும் பிடி ஒன்று இருக்கிறது. விழும்போது அது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு முறுக்கினால் கழல வேண்டும் என்பதைப் பலகை வாடகைக்குத் தருகிற கடைக்காரர் இந்த ஐந்து எண்களை வைத்துத்தான் திருகி வைப்பார். கடை பூர்கி அம்மாளின் மைத்துனர் அலோயிஸுடையது. நாங்கள் போய்ச் சேரும்போது பலகைகள் வீட்டின் கீழறையில் பெயர் ஒட்டி வரிசையாகச் சாய்ந்திருக்கும். யாரும் கடைப் பக்கம் போவதில்லை. யாரும் எதையும் மறுபடி கேட்பதில்லை.

எடைமேடையில் சில விதிகள் உண்டு. லாரியின் எல்லாச் சக்கரமும் மேடைமேல் இருக்க வேண்டும். ஓட்டுநர் இறங்கி நிற்க வேண்டும். எண் நிற்கும்வரை எழுதக் கூடாது. நேற்று வந்த அதே லாரியாக இருந்தாலும் நேற்றைய எண்ணை எழுதக் கூடாது. இந்தக் கடைசி விதியை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என் சுபாவமே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பெட்டியில் பதினொரு சீட்டுகள் சேர்ந்தன. இரண்டு தடவை எண்ணினேன்.

பயிற்சி தொடங்குமுன் ஃபோல்கர்ட் எல்லோரையும் பாயில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். பூர்கி அம்மாள் தொலைபேசியில் அழைத்திருந்தாள். வீடு முழுசாக வேண்டுமென்றால் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர்கள் கைக்கு வர வேண்டும். காஸெலிலிருந்து ஒரு கூட்டம் ஆறு வருஷமாக அந்த வாரத்துக்காகக் காத்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு தடவை கொடுத்துவிட்டால் பிறகு திரும்பக் கேட்க முடியாது, அங்கே வழக்கம் அப்படி. சொல்லிவிட்டு ஃபோல்கர்ட் சுவர் ஓரமாகப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

சுவர் ஓரத்தில் கெஷே வலதுகாலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கெஷே தம்மென், ஐம்பது வயது, இருபத்திரண்டு வருஷம் லேரில் பஸ் ஓட்டியவள். போன மார்ச்சில் இன்னர்லேனில் அவள் கால் எலும்பு பூட்ஸுக்கு மேலே முறுக்கிக்கொண்டு உடைந்தது. எலும்புக்குள் கம்பி இருக்கிறது. செப்டம்பரிலிருந்து மறுபடி வகுப்புக்கு வருகிறாள், முடிந்ததைச் செய்கிறாள், மிச்ச நேரம் எங்களைப் பார்த்துக் கேலி பேசுகிறாள்.

"நீ வந்தா பன்னெண்டு, கெஷே. சறுக்க வேணாம். வெயில்ல உக்காந்து சூப்பு குடி, போதும்," என்றார் ஃபோல்கர்ட்.

"அதுக்கு நான் எதுக்கு? ஒரு மூட்டை உருளைக்கிழங்க வண்டியில ஏத்திட்டுப் போங்க. அதுவும் சும்மா உக்காந்திருக்கும்."

"உருளைக்கிழங்கு நின்ன எடத்துல விழாது," என்றார் ஹின்ரிச்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது கெஷேதான். நானும் சிரித்தேன். இது பிறகு பேச்சில் வந்தது என்பதால் சொல்கிறேன்.

நின்ற இடத்தில் விழுவது எங்கள் வகுப்பில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றுகொண்டு பந்தைப் பிடிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. இந்த செப்டம்பரிலிருந்து அதற்குப் பெயர் 'கெஷே'. பெயர் வைத்தது அவளேதான். "சரி, இப்ப ரெண்டு நிமிஷம் கெஷே," என்று ஃபோல்கர்ட் சொல்ல, பதினொரு பேர் கண்ணை மூடித் தள்ளாடுவோம். நான் மட்டும் கண்ணைக் கொஞ்சம் திறந்து அவளைப் பார்ப்பேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் அந்த இரண்டு நிமிஷம் அவள் சிரிப்பதில்லை. வலதுகாலின் கெண்டையைக் கையால் மேலும் கீழும் தடவிக்கொண்டிருப்பாள், யாரோ ஒருவருடைய காலைத் தடவுவது போல.

அவள் விழுந்ததை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை, பத்தரை இருக்கும். சரிவில் மேலே இழுத்துப்போகும் இழுவை லிஃப்டுக்கு வரிசையில் நின்றிருந்தோம், அவள் எனக்கு முன்னால். பின்னாலிருந்து ஒரு சிறுமி வழுக்கிக்கொண்டு வந்து அவளுடைய வலது பலகையின் வால்மேல் ஏறிவிட்டாள். கெஷே திரும்பி அந்தச் சிறுமியிடம் ஏதோ சொல்ல வந்தாள். அப்படியே மெதுவாக, மிக மெதுவாக, பக்கவாட்டில் சாய்ந்தாள். அவள் விழுந்துகொண்டிருக்கும்போதே ஹின்ரிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார், அவ்வளவு மெதுவாக. பிறகு ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கீழே கிடந்த அவள் காலில் பலகை அப்படியே இருந்தது. கால் ஒரு பக்கமும் பலகை ஒரு பக்கமும் பார்த்தன. நான்தான் மண்டியிட்டுக் கைக்கோலால் குதிகால் பிடியை அழுத்தினேன். என் முழு பாரத்தையும் கொடுத்து இரண்டாவது தடவை அழுத்தியபோதுதான் அது திறந்தது.

அது கழன்றிருக்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியதா? தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். தோன்றி, நான் அதைத் தள்ளிவிட்டிருக்கவும் கூடும். இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரலில் குளிர்கால மேல்கோட்டைச் சலவைக்குப் போடப் பைகளைக் காலி செய்தேன். உள்பையில் ஒரு பஸ் டிக்கெட் மடித்துக் கிடந்தது. டிக்கெட்டின் அச்சு மங்கிப்போயிருந்தது. பின்பக்கத்தில் நீல மையில் கெஷேயின் பெரிய எழுத்து: '61. 50. யாருகிட்டயும் சொல்லாதே.'

நடந்தது இவ்வளவுதான். அதற்கு முந்தைய அக்டோபரில் பட்டியல் எடுத்த மாலையில் கெஷேக்கு இரவுப் பணி, அவள் வரவில்லை. நான் அவளுடைய பழைய சீட்டைப் பார்த்து எடை 74 என்றும், வயதில் ஒன்று கூட்டி 49 என்றும் எழுதி, பக்கத்தில் பென்சிலால் 'கேட்க வேண்டும்' என்று குறித்தேன். மறுநாள் பட்டியலை நல்ல தாளில் பேனாவால் சுத்தமாக எழுதினேன். பென்சில் குறிப்பைச் சுத்தப் பிரதியில் எழுத முடியாது, அசிங்கமாக இருக்கும். பிப்ரவரியில் ஒரு காலை துறைமுகத்துக்குப் போகும்போது கெஷேயின் பஸ்ஸில் ஏறினேன். அவள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இதை எழுதி என் கையில் அழுத்திக் கண்ணைச் சிமிட்டினாள். அந்த வருஷம் அவள் கணவன் வேறொருத்தியோடு எம்டெனுக்குப் போய்விட்டிருந்தான். அவள் நின்றுகொண்டே சாப்பிடுகிறவளாக ஆகியிருந்தாள், உடம்பு பாதியாகியிருந்தது. அலுவலகம் போனதும் அலோயிஸுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துச் சீட்டை உள்பையில் வைத்தேன். அன்று வாசலில் பதினான்கு லாரிகள் நின்றிருந்தன.

அந்தப் பிடிகளுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. எடை குறைந்தால் ஒரு வரி மேலே போக வேண்டும். வயது ஐம்பதைத் தொட்டால் இன்னொரு வரி மேலே. மேலே போகப்போகப் பிடி இளகும். கெஷேயின் பலகை இரண்டு வரி இறுக்கமாக இருந்திருக்கிறது. ஏப்ரல் முடிவதற்குள் அலோயிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பெயர் சொல்லாமல், ஒரு தோழிக்கு இப்படி இருந்தால் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த எண்ணு வந்திருந்தா இளக்கித்தான் வச்சிருப்பேன். ஆனா கழண்டிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கழண்டிருக்காதுன்னும் பண்ண மாட்டேன். காலுக்கு எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். அவள் மருத்துவமனையிலிருந்து வரட்டும். ஊன்றுகோலை விடட்டும். வேலைக்குப் போகட்டும். நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லி அவளைக் குழப்பலாமா? ஒவ்வொன்றும் எழுதும்போது சரியாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் அவள் வேலைக்குப் போனாள், ஆனால் பஸ்ஸுக்கு அல்ல. டிப்போ அலுவலகத்தில் எந்த வண்டி எந்தத் தடத்தில் என்று மேசையில் உட்கார்ந்து சொல்லும் வேலை.

அந்தச் செவ்வாய் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது சைக்கிள் நிறுத்தத்தில் கெஷே என்னோடு சேர்ந்துகொண்டாள். அவள் இப்போது நடந்துதான் வருகிறாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். மார்ச்சுக்கு வரட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் அவளே பேசினாள். சும்மா உட்கார்ந்திருக்கத் தனக்குத் தெரியாது, ஆனால் தன்னால் வாரம் கைவிட்டுப் போனால் ஹின்ரிச் சாகும்வரை சொல்லிக்காட்டுவார் என்றாள். பிறகு, சாதாரணமாக, வேறொரு விஷயமும் சொன்னாள். டிப்போவிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. மருத்துவர் காலைச் சோதித்துச் சரி என்றால் மறுபடி பஸ் ஓட்டலாம். விரும்புகிறேன், விரும்பவில்லை என்று இரண்டு கட்டங்கள். திங்களன்று கொடுக்க வேண்டும்.

"எதுல போட்டே?" என்று கேட்டேன்.

"வேணாங்கறதுலதான். காலு ஓட்டும், டாக்டரே சொல்றாரு. ஆனா நின்ன எடத்துல விழுற பொம்பள அறுவது பேர ஏத்திக்கிட்டு எப்படி ஓட்டுவா, சொல்லு?"

அப்போதும் அவள் சிரித்தாள். இந்தத் தடவை என் முகத்தில் சிரிப்பு வரவில்லை. இருட்டில் அவள் அதைப் பார்த்திருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை எனக்குக் காலைப் பணி. மூன்றரைக்கு அவள் வீட்டு மணியை அடித்தேன். வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன், பட்டியல் விஷயமாக என்று. பெட்டியைக் கையில் வைத்திருந்தேன், டிக்கெட் சட்டைப்பையில். படி இறங்கி வந்து கதவைத் திறந்தாள். இறங்கும்போது அவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருந்ததைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

சமையலறையில் தேநீர் தயாராக இருந்தது. எனக்குக் கோப்பையில் கற்கண்டைப் போட்டுத் தேநீரை ஊற்றினாள், கற்கண்டு விரிசல் விட்டது. கிரீமைக் கரண்டியால் ஓரமாக விட்டாள், அது அடியில் போய் மேகம்போல் மேலே வந்தது. கலக்காமல் குடித்தோம். குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் அந்தப் படிவம் தொங்கியது. 'விரும்பவில்லை' கட்டத்தில் பெருக்கல் குறி. கையெழுத்து இன்னும் போடவில்லை. அவள் அறைகளைப் பற்றிப் பேசினாள். தான் வந்தால் கீழ்த்தளத்து அறை வேண்டும், ஆனால் அது ஹின்ரிச்சின் குறட்டைக்குப் பக்கத்து அறை, இதைப் பூர்கி அம்மாளிடம் எப்படி நாசூக்காகச் சொல்வது? ஃபோல்கர்ட்டின் வண்டியில் முன் இருக்கை வேண்டும், காலை நீட்ட. எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும் இல்லையா? அவள் ஏற்கனவே பாதி மூட்டை கட்டிவிட்டாள் என்று புரிந்தது. உட்கார்ந்திருக்கத்தான் போகிறாள், ஆனால் போக விரும்புகிறாள்.

இரண்டாவது கோப்பையை ஊற்றினாள். இங்கே மூன்றாவது கோப்பை குடிக்காமல் யாரும் எழுவதில்லை. மூன்றாவதற்குப் பிறகு சொல்லலாம் என்றுதான் வரும் வழியில் திட்டமிட்டிருந்தேன். ஆனால் பெட்டியின் மூடியைத் திறந்து அவளே ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தாள்.

"நான் சறுக்கலேன்னாலும் எழுதணுமா? ஹின்ரிச் மேல எறியவாவது ஒரு பலகை வேணும்."

நான் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவள் தன் எழுத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மலர்ந்தது. "இத இன்னும் வச்சிருக்கியா?" என்றாள்.

"இத நான் அனுப்பல, கெஷே."

புரியாமல் பார்த்தாள். நான் வரிசைப்படி சொன்னேன். பழைய சீட்டு, பென்சில் குறிப்பு, சுத்தப் பிரதி, கோட்டு, பதினான்கு லாரிகள். எழுபத்தி நாலு, நாற்பத்தி ஒன்பது. அட்டவணையில் இரண்டு வரி. அலோயிஸ் சொன்னதையும் சொன்னேன், அவர் சொன்ன இரண்டு பக்கத்தையும். சொல்லச்சொல்ல என் குரல் எடைமேடையில் ஓட்டுநர்களுக்குக் கணக்கு வாசிக்கிற குரலாக மாறிக்கொண்டு வந்தது. எனக்கே அது பிடிக்கவில்லை, ஆனால் வேறு குரல் வரவில்லை.

அவள் டிக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெளியே தெருவில் பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பியது. கதவு மூடும் சத்தத்துக்கு அவள் தலை தானாகக் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அப்ப, கழண்டிருக்குமா?"

"தெரியல."

"தெரியலேன்னா எதுக்கு வந்து சொல்ற?"

"உனக்குத் தெரியும்னு நீ நெனச்சுக்கிட்டிருக்கே. உன்னாலதான்னு. அது யாருக்கும் தெரியாது. அத சொல்லத்தான் வந்தேன்."

இதை நான் வழியில் யோசித்து வைத்திருக்கவில்லை. சரியாகச் சொன்னேனா என்றும் தெரியவில்லை. அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள், முதுகைக் காட்டி நின்றாள்.

"எப்ப கெடைச்சுது இந்தச் சீட்டு?"

"ஏப்ரல்ல."

"ஏப்ரல்ல நான் ஊன்றுகோல்ல இருந்தேன். நீ பூ கொண்டு வந்தே, மஞ்சப் பூ. அதுலேருந்து எத்தன தடவ சொல்லியிருப்பேன், நின்ன எடத்துல விழுந்தேன்னு?"

"எண்ணல."

"நீயா? நீ எண்ணலயா?"

உண்மையில் மே மாதம்வரை எண்ணியிருந்தேன்.

"பட்டியலு தப்பாகும், டோம்கெ. நானே ஒருதரம் ஒரு பஸ் நெறைய பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு தப்பான நீச்சல்குளத்துக்குப் போயிருக்கேன். அது இல்ல." திரும்பினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன், முகம் சோர்ந்துதான் இருந்தது. "நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் நீ சிரிச்சே. ஹின்ரிச் சிரிச்சா பரவால்ல, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சே. நான் அந்தப் பயிற்சிக்கு என் பேர வச்சப்ப நீதான் மொதல்ல ஒத்தக்கால்ல நின்ன."

"ஆமா."

"ஆறு மாசமா என் காலயே நான் நம்பல. மாடிப்படிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு எறங்கறேன், கெழவி மாதிரி. ராத்திரி குளியலறைக்கு லைட்டு போடாம போறதில்ல. இந்தக் காலு என்னிக்கு என்னயக் கைவிடும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்." குளிர்பெட்டிப் பக்கம் தலையை அசைத்தாள். "அதுலயும் வேணாம்னு போட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது காதில் விழுந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. மேசையில் என் கோப்பை காலியாக இருந்தது. கரண்டி தட்டில்தான் இருந்தது. அதை எடுத்துக் கோப்பைக்குள் வைத்தால் போதும் என்று அர்த்தம், எழுந்து போய்விடலாம். வைக்கவா வேண்டாமா என்று கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்றாவது கோப்பை ஊற்றவில்லை. ஊற்ற மாட்டேன் என்றும் சொல்லவில்லை, தேநீர்ப் பாத்திரம் அதன் துணி உறைக்குள் அப்படியே இருந்தது. ஃபோல்கர்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பதினொன்று என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வாரம் காஸெல்காரர்களுக்குப் போகும். காரணத்தை நான்தான் கூடத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்வேனா? சொல்ல வேண்டும்.

கெஷே சமையலறையை விட்டு வெளியே போனாள். தாழ்வாரத்தில் ஏதோ அலமாரி திறக்கும் சத்தம், பிறகு உலோகம் தரையில் உரசும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் குளியலறை எடை மெஷின் இருந்தது, முள் வைத்த பழைய மாதிரி. அதை மேசைக்குப் பக்கத்தில் தரையில் வைத்துக் காலால் தள்ளிச் சமப்படுத்தினாள். செருப்பைக் கழற்றினாள். வலதுகால் காலுறை கணுக்காலில் இறுகித் தடம் பதித்திருந்தது.

"உன் பென்சில எடு."

எடுத்தேன். எந்தத் தாளில் எழுதச் சொல்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். மேசைமேல் வெற்றுச் சீட்டு இருந்தது. குளிர்பெட்டியில் தொங்கிய படிவத்திலும் மருத்துவருக்கான கட்டங்களுக்கு மேலே உயரம், எடை என்று இரண்டு வரிகள் காலியாக இருந்ததை உள்ளே வந்தபோதே கவனித்திருந்தேன். கேட்காமல் வெற்றுச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன், எண் நின்ற பிறகு எதில் ஏற்றுவது என்று அவள் சொல்லட்டும்.

இடதுகாலை முதலில் வைத்து ஏறினாள். பிறகு வலதுகால். மேசையின் விளிம்பை வலது கையால் இறுகப் பிடித்திருந்தாள்.

"படி."

நான் தரையில் மண்டியிட்டேன், இன்னர்லேனில் பனியில் மண்டியிட்ட மாதிரியே. முள் ஐம்பத்தி மூன்றில் இருந்து ஐம்பத்தி ஐந்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

"இது உன் எடை இல்ல," என்றேன். "மேசைய விடணும்."

மேலே அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கண்மட்டத்தில் மேசை விளிம்பும் அதைப் பற்றியிருந்த அவள் விரல்களும் தெரிந்தன. சுண்டுவிரல் முதலில் எழுந்தது. அடுத்தது. முள் ஐம்பத்தி எட்டைத் தாண்டி நடுங்கியது. காலுறைக்குள் அவள் வலது பாதத்தின் விரல்கள் தட்டை அழுந்தப் பற்றி, விட்டு, மறுபடி பற்றின. நடுவிரல் எழுந்தது. இன்னும் இரண்டு விரல்களின் நுனி மட்டும் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. முள் ஏறிக்கொண்டிருந்தது. பென்சிலைத் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.